ஒட்டிய பெயரை உரிப்பது

கால்பந்து கிளப்பில் அவரை எல்லாரும் ஜெர்சி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டக்காரர்களின் சட்டையைத் துவைப்பது, காயப்போடுவது, சூடு மெஷினில் அழுத்தி முதுகில் பெயர் ஒட்டுவது அவர் வேலை. ஆள் கிளப்பை விட்டுப் போனால் உரிப்பதும் அவர்தான். ஒட்டுவதற்கு மெஷின் போதும். உரிப்பதற்குக் கை வேண்டும். சூடு கூடினால் துணி சுருண்டுவிடும். குறைந்தால் எழுத்து பாதியில் அறுந்து பல்லைக் காட்டும்.

குடியிருப்பு மைதானத்து கேலரிக்கு அடியில், கிளப் கொடுத்த இரண்டு அறை. மேலே படிகள் என்பதால் கூரை சரிந்தே இறங்கும். ஜனம் குதித்தால் சோற்றுத் தட்டில் சுண்ணாம்பு உதிரும். அந்த வீட்டுப் பின்சுவரில் பந்தை உதைத்து உதைத்துத்தான் அவர் மகன் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். பதினேழு வயதில் பெரிய டீமின் சட்டையும் போட்டுவிட்டான். முதுகில் மகனின் பெயரை மாமாவே ஒட்டினார், இரண்டு தரம் நேர் பார்த்து.

அதே வருஷம் கிளப் வெளியிலிருந்து ஒரு ஆட்டக்காரனைப் பணத்தைக் கொட்டி வாங்கியது. பட்டாசு என்று பட்டப்பெயர். மூன்றாவது ஆட்டத்திலேயே முட்டி போய் பட்டாசு நமுத்துவிட்டது. சீசன் முடிகிற நேரத்தில் போட்டிகளை நடத்தும் லீக்காரர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். வரவுக்கு மேல் செலவழித்திருக்கிறீர்கள், மாசக் கடைசிக்குள் சரிக்கட்டாவிட்டால் புள்ளிகளை வெட்டுவோம் என்று.

மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு உட்கார நாற்காலி போட்டார். மாமா நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க பையனைக் கேக்குறாங்க மாமா. பெரிய கிளப்பு."

"அவன் இப்பதானே சார் ஆட ஆரம்பிச்சிருக்கான். பட்டாசை வித்துடுங்களேன்."

"முட்டி போனவனை எவன் வாங்குவான்? அரை விலைக்குக் குடுத்தா கணக்குல இன்னும் பள்ளம் விழும். உங்க பையனை நாம காசு குடுத்து வாங்கல. வர்றது மொத்தமும் லாபம்னு எழுதலாம்."

"அதாவது, கடையில வாங்குன சோபாவை விக்க மாட்டீங்க. வீட்டுல வளர்ந்த புள்ளைய விப்பீங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. "பையனுக்குப் பதினெட்டு ஆகல. நீங்கதான் கையெழுத்துப் போடணும். போடலன்னா முதல்ல பயிற்சிப் பள்ளியை மூடுவாங்க. அப்புறம் குவார்ட்டர்ஸ். மிரட்டுறேன்னு நினைக்காதீங்க, நானே இங்க எத்தனை நாளோ."

வீட்டில் மகன் தட்டைத் தள்ளிவிட்டான். "அங்க என் இடத்துல ஏற்கனவே ரெண்டு பேரு இருக்காங்கப்பா. பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். நான் போகல."

மனைவி மாமாவைப் பார்த்தார். "போட்டா புள்ள போயிடும். போடலன்னா வீடு போயிடும். எது போனா தேவலைங்க, சொல்லுங்க."

எழுந்து நடக்கலாமென்றால் கூரை சரிந்த அந்த மூலையில் தலை இடிக்கும். மாமா உட்கார்ந்தே இருந்தார்.

தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு மகனே கேட்டான். "பள்ளியை மூடிட்டா சின்னப் பசங்க எல்லாம் எங்கப்பா போவாங்க?" பிறகு, "போட்டுடுங்க" என்றான். அவன் கடைசிவரை அடம்பிடித்திருந்தாலாவது மாமாவுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

போட்டார்.

மகன் கிளம்பிய வாரமே அவன் சட்டை மாமாவின் மேஜைக்கு வந்தது. நூல்கூட இழுபடாமல் உரித்தார். ஆனாலும் பெயர் போகவில்லை. சீசன் பூராவும் துவைத்ததில் சுற்றிலும் துணி வெளுத்து, எழுத்திருந்த இடம் மட்டும் கருநீலமாகவே நின்றது.

"பயிற்சிப் பள்ளியிலிருந்து அடுத்த பையனை ஏத்துறோம். இதுலயே ஒட்டிடுங்க" என்றார் மேனேஜர்.

"பழைய தடம் தெரியுது சார். புதுச் சட்டை வேணும்."

"புதுசுக்கு ஏது மாமா பணம்? அவன் பேரு நீளம், மறைச்சிடும்."

மாமா மெஷினைச் சூடேற்றினார். அந்தப் பையனின் அப்பா வாசலில் வந்து நின்றார். பெயர் ஒட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முகமெல்லாம் பல்.

"கொஞ்சம் நேரா ஒட்டுங்க மாமா. டிவில தெரியணும்ல."

"நேராதான் ஒட்டுவேன்." மாமா எழுத்துகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "உங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? நல்லாவே போடுவேனே."

"சரி" என்று மாமா மெஷினின் கைப்பிடியை அழுத்தினார்.