பேச்சு இல்லாதபோது காதுக்கு என்ன வேலை

இரைச்சல் எது, இரைச்சல் இல்லாதது எது என்று உங்களுக்குத் தெரியுமா? இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

காது மந்தமானவர்களுக்கான கருவிகளை ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. கருவிக்குள் வந்து விழும் ஒலிகளிலிருந்து பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பது எப்படி என்பதுதான் அவளுடைய பிரிவின் கவலை. பேச்சு ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். மின்விசிறியும் மோட்டாரும் அப்படியில்லை. பிடித்த பிடியை விடாமல் ஒரே சுருதியில் இழுக்கும். எது ஒரே மாதிரி நீடிக்கிறதோ அதை அமுக்கு என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த ஓர் எண்ணத்தைச் செதுக்கிச் செதுக்கியே அவளுடைய இளமை போய்விட்டது. கல்யாணப் பேச்சோடு வந்தவர்களிடம் இந்தச் சோதனை முடியட்டும் என்றாள். முடிந்தபோது கேட்பாரில்லை. மதியம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுவாள். பக்கத்து மேசைக்காரருக்கு ஏதாவது வேண்டுமென்றால்கூடச் செய்திதான் அனுப்புவார், திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த வேலைக்கு அவளை இழுத்துவந்தது அப்பாவின் காது. தகடு வெட்டும் பிரஸ் பட்டறையில் அவர் வேலை பார்த்தார். காதுக்கு மூடி கேட்ட தொழிலாளர்களிடம் முதலாளி, "அதை மாட்டிக்கிட்டா மேஸ்திரி கூப்பிடறது எப்படிய்யா கேக்கும்?" என்று கேட்டாராம். அந்த மேஸ்திரிக்கும் ஏற்கெனவே பாதிக் காதுதான். முதலாளியின் அறைக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல். அப்பா பஞ்சு அடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். ஓய்வு பெற்ற நாளில் பட்டறை அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. அது டிக் டிக் என்பதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பட்டறை முதலில் தின்பது கூரிய ஒலிகளை. சொற்களின் விளிம்புகள், பறவைகள், கடிகாரங்கள் எல்லாம் போய்விடும். தடித்த ஒலிகளைக் கொஞ்சம் விட்டுவைக்கும். அதனால் அப்பாவுக்கு ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது மட்டும் புரியாது. அம்மா போனபிறகு புரிய வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. மகள் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை இரண்டாம் மாடி வீட்டில் அவர் தனியாக இருப்பார்.

புதிய கருவியைச் சோதிக்க ஆட்களைச் சேர்த்தபோது அவள் அப்பாவையும் சேர்த்தாள். காதின் அச்சில் வார்த்த அடைப்பை உள்ளே பொருத்தி, எதிரில் உட்கார்ந்தாள்.

"கேக்குதாப்பா?"

"ஏன் கத்தறே? நான் என்ன செவிடா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று மாலை முழுக்க அவர் பேச, அவள் பதில் சொல்ல, ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

கருவி எவ்வளவு நேரம் காதில் இருந்தது என்று தானே கணக்கு வைத்துக்கொள்ளும். சில வாரங்கள் கழித்துப் பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். இரைச்சலைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவதால் அவருக்குக் கூடத்தில் பூஜ்ஜியம் என்றே பெயர்.

"உங்க அப்பா சாயங்காலம் மட்டும்தான் போடறார். பகல்ல தொடறதே இல்லை. இப்படிப்பட்ட ஆளை வச்சுக்கிட்டா சராசரி கெட்டுடும்மா. எடுத்துடலாம்."

எடுத்துவிடுவதென்றால் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா மறுபடி பழைய மந்தத்துக்குள் போய்விடுவார். மாலை நேரத்துப் பேச்சும் போய்விடும். அவள் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தாள்.

"நான் போனதும் கழட்டி வச்சிடறீங்களா?"

"ஆமா. நீ போனப்புறம் என்கிட்ட யாரு பேசப்போறா? சுவரா?"

"பேசலைன்னா என்னப்பா, அது பாட்டுக்குக் காதுல இருந்துட்டுப் போகட்டுமே."

"அதைப் போட்டா வீடு செத்துப்போயிடுதும்மா. கழட்டினா ஏதோ ஓடிக்கிட்டு இருக்கற மாதிரியாவது இருக்கு."

"போகப் போகப் பழகிடும்."

சொல்லும்போதே அவளுக்கு அந்த வார்த்தை எங்கேயோ இடித்தது. தான் செய்த பொருள் சரியில்லை என்று யாராவது சொன்னால், செய்தவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அதுதான். சரியில்லாதது பொருள் அல்ல, நீதான் என்று அதற்கு அர்த்தம்.

அப்பா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில், அவள் இன்னொரு கருவியைத் தன் காதில் இறுக அடைத்துப் பொருத்திக்கொண்டு வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சில நொடிகளில் மின்விசிறி காணாமல் போனது. கண்ணுக்கு முன்னால் சுழன்றது, காதில் இல்லை. கீழே தண்ணீர் மோட்டார் போட்டார்கள். காதை எட்டும் முன்பே கருவி அதை அமுக்கியது. மேல் வீட்டுத் தையல் மெஷின், தெருமுனையில் நின்று உறுமும் பேருந்து, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் அவள் எழுதிய கணக்கின்படி, துளி பிசகில்லாமல் நடந்தது. பேச்சு வந்தால் பளிச்சென்று கேட்கும். பேச்சு வரவில்லை.

கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை இருமிக்கொண்டாள். நன்றாகக் கேட்டது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. வெயில் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்தது. தன்னை இந்த நேரத்தில் கூப்பிடக்கூடியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தாள். அப்பாவைத் தவிர ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. கருவியைக் கழற்றினாள். மோட்டாரின் ஓசை திரும்பி வந்தது. அது அதிர்ந்து வரும் சுவரைத் தேடிப் போய், முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

தவறு எங்கே என்று அப்போது புரிந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவர்கள் நடத்திய ஒவ்வொரு சோதனையிலும் யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். அப்படி இருந்தால்தானே மதிப்பெண் போட முடியும்? யாரும் பேசாத ஒரு பகலை அவர்கள் சோதித்ததே இல்லை. செவிடரோடு எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அத்தனை படித்தவர்களும் நம்பியிருந்தார்கள்.

சராசரியைக் கெடுப்பவர்கள் என்று முன்பு நீக்கப்பட்டவர்களைத் தேடிப் பேசினாள். பெரும்பாலும் தறியிலும் பட்டறையிலும் காதைத் தொலைத்தவர்கள், இப்போது தனியாக இருப்பவர்கள். அவர்களை முதலில் ஒரு முதலாளி கழித்தார், பிறகு விஞ்ஞானத்தின் பெயரால் நாம் கழித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நேரே பூஜ்ஜியத்திடம் போனாள்.

"பேச்சே இல்லாதப்போ கருவி என்ன செய்யணும்னு நாம கேக்கவே இல்லை சார்."

"பேச்சு இல்லைன்னா அதுக்கு வேலையே இல்லையேம்மா."

"போட்டிருக்கற ஆளுக்கு இருக்கே. யாரும் பேசலைன்னா மத்த சத்தத்தை உள்ள விடட்டும். பேச்சு வந்ததும் அமுக்கட்டும்."

"கடையில மாட்டிப் பாக்கறவன், அடடா என்ன அமைதின்னு சொல்லணும். அதுலதான் விக்கும். உங்க அப்பா ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்தச் சொல்றீங்களா?"

"ஒருத்தர்னு எப்படி சார் சொல்றீங்க? இவரை மாதிரி ஆளுங்களை எல்லாம் எடுத்துட்டுத்தானே எண்ணறோம்?"

அவர் அப்பாவைச் சோதனையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், அவ்வளவுதான். அவள் சொன்னது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது. விற்பனைக்குப் போன கருவி பழைய முறையிலேயே போனது.

அப்பாவின் கருவியை மட்டும் அவள் தன் கையால் மாற்றியமைத்தாள். வெளிச்சத்தம் நேரே உள்ளே வர அடைப்பில் ஒரு சிறு துளையும் போட்டாள். இப்போது அவர் நாள் முழுக்க அதைக் கழற்றுவதில்லை. "மேல் வீட்டுல அப்படி என்னத்தைத்தான் தைச்சுத் தள்றாங்களோ," என்று மாலையில் அலுத்துக்கொள்கிறார். அவள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போவதும், பகல் முழுக்க அவரோடு பேச ஆள் இல்லாததும் அப்படியேதான் இருக்கின்றன. அதற்கு எந்தக் கூடத்திலும் கருவி இல்லை.

நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவருக்குக் காதுக்கருவி வாங்க வேண்டிவந்தால், கூடவே போங்கள். கருவியைக் காதில் மாட்டிவிட்டுக் கடைக்காரர் இடைவிடாமல் பேசுவார். பேச்சு அருமையாகக் கேட்கும். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள் ஐயா என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்களும் பேசாதீர்கள். பிறகு, என்ன கேட்கிறது என்று மாட்டியிருப்பவரைக் கேளுங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்று அவர் சொன்னால், வேறு கருவி காட்டும்வரை அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.