மோகனைத் தேடிய கப்பல்கள்

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற குப்பத்தில் யுவராணியைத் தெரியாதவர்கள் இல்லை. கடலுக்குப் போன புருஷன் மோகன் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகியும் கருமாதி செய்ய விடாதவள் என்று ஊர் அவளைப் பற்றிப் பேசும்.

"ஒடம்பு வரட்டும், பார்க்கலாம்" என்று ஒரே பேச்சில் எல்லார் வாயையும் அடைத்துவிடுவாள்.

அன்று மோகன் தனியாகத்தான் போனான். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. புயல் வலுத்ததில் ஹெலிகாப்டர் எதுவும் கிளம்ப வழியில்லை. குப்பத்து ஆட்கள் கிடைத்த படகுகளில் போய், அலையோடு மல்லுக்கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மூன்றாம் நாள் அவன் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அப்புறம் யுவராணி உப்பளத்தில் கூலிக்குப் போனாள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பாள். கடலில் மட்டும் கால் வைக்கமாட்டாள்.

இந்த மாசியில் ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து கடலில் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். கதிரியக்கச் சரக்கு ஏற்றிய கப்பல் தீப்பிடித்தால், பக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களை எப்படி மீட்பது, கழுவிச் சோதிப்பது என்று பழகிப் பார்ப்பதற்காக. தீ வெறும் பாவனை. படகுகளில் உட்கார மட்டும் நிஜ ஆட்கள் வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று ஊரில் முடிவானது.

"மோகன் வீட்ட விட்டுடலாம்" என்றார் அவன் அண்ணன் தட்சணாமூர்த்தி.

"ஏன் மாமா, என் வீடு கணக்குல இல்லையா?" என்றாள் யுவராணி. அவர் படகிலேயே ஏறினாள்.

நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திச் சொன்னபடி கையசைத்தார்கள். வலித்த கையை இறக்குவதற்குள் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் நின்றது.

"இவ்ளோ சீக்கிரம் வருவாங்களா மாமா?"

தட்சணாமூர்த்தி குனிந்துகொண்டார்.

கப்பலில் ஏற்றியதும் ஆண்களைக் குளிப்பாட்ட ஒரு பக்கம் கொண்டுபோனார்கள். குளித்து வந்த யுவராணியின் தலைமுடியிலும் உள்ளங்கையிலும் ஒரு பிரெஞ்சு டாக்டரம்மா சின்னக் கருவியை ஓட்டினாள். மொழிபெயர்க்க நின்றவள் பிரியதர்ஷினி. பெரிய முதலியார்சாவடிப் பெண், ஆரோவில்லில் வேலை.

"ஒண்ணும் ஒட்டல, நல்லா இருக்கீங்கக்கா. உங்க கூட வந்தவங்க யாராவது தண்ணியில காணாமப் போயிட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஆமா. மோகன். நாப்பது வயசு. நீல பனியன்."

பிரியதர்ஷினி திடுக்கிட்டாள். "ஒத்திகைக்குச் சொல்றீங்களா, நெசமாவா?"

"நெசந்தாம்மா. போனவரு இன்னும் வரல."

டாக்டரம்மா எழுந்து ஓடினாள். ஊதல் மூன்று தரம் ஒலித்தது. ஒத்திகை நின்றது. ஹெலிகாப்டர் தாழப் பறந்து வட்டமிட்டது. தள்ளி நின்ற இலங்கைக் கப்பலும், அதற்கு அப்பால் நின்ற ஜப்பான்காரர்கள் கப்பலும் திரும்பி வந்தன. ஒயர்லெஸ்ஸில் யார் யாரோ மோஹான், மொக்கான் என்று வாய்க்கு வந்தபடி அவன் பெயரைச் சொன்னார்கள். கம்பியோரம் வரிசையாக நின்றவர்கள் கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்தார்கள். யுவராணியும் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தட்சணாமூர்த்தியை வெளியே விட்டார்கள்.

"யாரைம்மா தேடறாங்க?"

"உங்க தம்பியத்தான் மாமா."

அவர் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், கப்பலில் இருந்த தமிழ் அதிகாரியிடம் கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"இந்த நேரத்துல வேற எங்கயாவது ஒருத்தன் விழுந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"தெரியும் சார்" என்றாள் யுவராணி. "எனக்குத் தெரியும்."

அதிகாரி ஒயர்லெஸ்ஸை எடுத்துத் தேடுவதை நிறுத்தச் சொன்னார். பிரியதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யுவராணி முழுவதையும் குடித்தாள்.

கரைக்குத் திரும்பும்போது அவளாகவே வாயைத் திறந்தாள்.

"மாமா, கருமாதிக்கு நாள் பாருங்க."

தட்சணாமூர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"அத்தினி பேரு தேடிட்டாங்க. இல்லையே" என்றாள்.

அவர்தான் அழுதார். படகு பாட்டுக்கு மிதந்தது. அவர் அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

மறுநாள் ஒத்திகையை முதலிலிருந்து நடத்தினார்கள். யுவராணி இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் கடற்கரையில் கருமாதி நடந்தது. உடம்புக்குப் பதிலாக மோகனின் சட்டை ஒன்றை வைத்தார்கள். யுவராணிதான் அதைத் துவைத்து, மடித்து எடுத்து வந்தாள்.