அடுப்புக்குப் போகாத தேயிலை வேர்

எங்கள் தோட்டத்தில் தேயிலை வேரை அடுப்பில் வைத்து எரித்தால் அதற்குப் பெயர் விறகு. அதையே செதுக்கி விற்றால் திருட்டு.

அந்த வேர்ப் புகையின் காரம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரமண் வாசனையோடு எழும்பும், கண்ணைக் கரிக்கும், வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரக் கூரைக்கடியில் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வரும்... தலைமுடி, போர்வை, ஸ்கூல் யூனிஃபோர்ம், எல்லாவற்றிலும் அதே வாசனைதான்.

நாட்டில் பெற்றோலும் கேஸும் இல்லாமல் போன வருஷம், கொழும்புக்குப் பக்கத்து மொறட்டுவையில் நான் பாலிஷ் வேலை செய்த தளபாடப் பட்டறையை மூடிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு இறம்பொடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன்.

அப்போது மேல்மலையில் புதுக்கன்று நடுவதற்காகக் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய வேர்களை லயத்துச் சனம் விறகுக்கு இழுத்துக்கொண்டு போகும். காலங்காலமாக அப்படித்தான்.

அம்மா இழுத்து வந்ததில் ஒன்று, கீழே மூன்று காலாகப் பிரிந்து, மேலே ஒற்றைத் தண்டாக முறுக்கிக்கொண்டு நின்றது. உச்சியில் ஒரு பல்ப் மாட்டினால் போதும்... லேம்ப்.

அம்மா கோடரியோடு வந்தார். "என்ன புள்ள, அடுப்பு அணையப் போவுது, நீ கட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"இத மட்டும் விடும்மா. வித்துக் காட்டுறேன்."

அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் இருக்கும் மாரியாயி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "விறக விக்கப் போறாளாம்! அப்புடியே சாம்பலையும் பொட்டலம் கட்டி வித்துரு தேவி!"

அக்காவின் வாய் பலித்துவிடும் போலத்தான் இருந்தது. முதலில் செய்த வேர்களை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்தேன். நாங்கள் விறகு காயவைப்பது அங்கேதான், வேறு யோசனையே வரவில்லை. பேஸ்புக்கில் படம் பார்த்துக் கண்டியில் ஒருவர் வாங்கிய முதல் லேம்ப், அவர் வீட்டு மேசையில் 'டப்'பென்று வெடித்துப் பிளந்ததாம். மொறட்டுவையில் மரம் காய்ந்த பிறகுதான் என் கைக்கு வரும். காயவைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாக்கில் சுற்றி, நிழலில் வைத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதைப் பிளந்த வேர்களிடமிருந்துதான் படித்தேன்.

பிறகு விற்றது. நீர்வீழ்ச்சி பார்க்க நிறுத்தும் வேன்காரர்களிடம் விற்றது. மாரியாயி அக்காவே ஒருநாள் வந்து நின்றார். "எனக்கும் ஒரு சாண்ட் பேப்பர் குடு புள்ள. மலைக்குப் போயிட்டு வந்தா கை சும்மாதானே கெடக்கு!"

நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்று எல்லா அறைக்கும் லேம்ப் கேட்டது. அந்தச் செய்தி லயத்தைத் தாண்டிப் போன மறுநாளே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து நின்றார்.

"இது தோட்டத்துச் சொத்து. விக்கிறதுக்கு யாருகிட்ட கேட்டீங்க?"

"எரிக்கிறதுக்கு யாருகிட்டங்க ஐயா கேட்டோம்?"

"எரிக்கிறது வேற. வாய் பேசாத."

முடித்த லேம்ப், சாக்கில் காய்ந்துகொண்டிருந்த வேர், எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். இனி ஒரு வேர்கூட லயத்துக்கு வரக்கூடாது என்றார்கள். ஹோட்டல் ஓர்டர் போனால் என் தொழிலும் போகும். மறுபடியும் கொழும்பு பஸ்தான்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், மாரியாயி அக்கா முன்னால் போனார்.

"வேரு தோட்டத்துச் சொத்துன்னு சொல்லிட்டீங்க. சரிங்க ஐயா. தோட்டத்துச் சொத்த நாங்க தொடலாங்களா? பெறகு திருட்டும்பீங்க. நீங்களே எறக்கிக்கங்க."

பெரட்டே சிரித்தது. அன்றிலிருந்து ஒருவரும் வேரைத் தொடவில்லை.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இத்தனை காலமும் அந்த மலையை நாங்கள் சும்மா சுத்தப்படுத்திக் கொடுத்திருக்கிறோம்! விறகு என்ற பெயரில், வேலை முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல். இப்போது வேர் அங்கேயே குவிந்து கிடந்தது. குழி வெட்ட வழியில்லை. நாற்றுமேடையில் கன்றுகள் பையை மீறி வளர்ந்துகொண்டிருந்தன. அந்தச் சரிவில் லொறியும் ஏறாது. மழை வேறு வந்துகொண்டிருந்தது.

கடைசியில் தோட்டத்து மேனேஜரான தொரையே லயத்துக்கு இறங்கி வந்தார்.

"வழக்கம்போல எடுத்துக்கங்க."

"வழக்கம்போல வேணாங்க," என்றேன். "என்ன வேணும்னாலும் செஞ்சிக்கலாம்னு பெரட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தூக்கிட்டுப் போன சாமானையும் திருப்பிக் குடுங்க."

சொன்னார். கண்டாக்கு பக்கத்தில் நின்று தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றிக்கொண்டு போன அதே லொறி திரும்பி வந்தது. மாரியாயி அக்கா குரல் லயம் முழுக்கக் கேட்டது. "பாத்து எறக்குங்க தம்பி! விறகு இல்ல அது, லேம்பு!"

இன்று அந்த ஹோட்டலில் எரிவது எங்கள் லேம்ப். எங்கள் லயத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண்ணாவது இந்த வேலை செய்கிறாள். அம்மா கேஸ் அடுப்பில் சமைக்கிறார், கண் கரிப்பதில்லை. எப்போதாவது பழைய போர்வையை உதறும்போது அந்தப் புகை வாசனை லேசாக வரும்... கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டாம்.

ஆனால் வேலை இன்னும் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில்தான் நடக்கிறது. சாரல் அடித்தால் வார்னிஷ் வெளுத்துப் போகிறது. பட்டறை போடக் கடன் கேட்டால், வீடு யார் பெயரில் என்று பேங்கில் கேட்கிறார்கள். நாலு தலைமுறை பிறந்து செத்த காம்பரா, இன்னும் கம்பெனி பெயரில். தொரையிடம் நிலம் கேட்டோம், மேலே கேட்கச் சொன்னார். வோட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கேட்டோம், லேம்போடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வந்து போன உங்களில் யாராவது இதையும் படிப்பீர்கள். லயத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.