ஒரு சொளகுத் தவிடு

என் அத்தைக்குச் செங்கல்லைக் கண்டால் ஆகாது. வீடு கட்டுகிற செங்கல்லைச் சொல்லவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கற்களைச் சொல்கிறேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அம்மா மாசமாக இருந்தாள். நடுவில் உதிரப்போக்கு கண்டுவிட்டது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அப்பா அழைத்துப் போனார். பிள்ளை தங்க வேண்டுமானால் பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா காலுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார். தலை பள்ளத்திலும் கால் மேட்டிலுமாக அம்மா படுத்தாள்.

எனக்குப் பின்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. மற்றது வந்து, தொட்டில் கட்டி, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. இதுவும் போனால் அம்மாவை உயிரோடு பார்க்க முடியாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் காதுபடவே பேசினார்கள். அதனால் செங்கல் விஷயத்தில் நான் மிகவும் கறாராக இருந்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. செம்பட்டிப் பக்கத்தில் தோட்டம், கிணறு, வரிசையாகப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக்கூடத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒருதரம் கத்தரிக்காய்க் கூடையோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். கூடையை இறக்கியதும் முதல் வேலை கட்டிலடியில் குனிவதுதான்.

“காலத் தூக்கி வச்சுத் தலையத் தொங்கப் போட்டா, பிள்ள நெஞ்சுக்கில்ல ஏறிரும். எந்த ஊரு வைத்தியம் இது?” என்பாள். தண்ணீர் இறைத்து உரமேறிய கை. அம்மாவோடு சேர்த்துக் கட்டிலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் செங்கல்லை உருவிவிடுவாள்.

அப்பா புகையிலைக் கிட்டங்கியில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக நான் புகார் செய்வேன். அவர் அக்காவையும் பகைத்துக்கொள்ள மாட்டார், டாக்டரம்மாவையும் மீற மாட்டார். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு, காலுக்கு ஒரு செங்கல் மட்டும் வைப்பார். அத்தை பஸ் ஏறிய பிறகு இரண்டாவது செங்கல்லை வைப்பார். இப்படியும் ஒரு மனிதர்.

அம்மாவாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். மாட்டாள். நாத்தனாரிடம் பேசாத பேச்சையெல்லாம் என்னிடம் பேசினாள். உலை கொதிக்கிறதா, வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டாயா, துவைத்த சேலையைக் கொடியில் சரியாக உதறிப் போட்டாயா என்று படுத்த படுக்கையில் இருந்தே வீட்டை நடத்தினாள். அடுப்படியில் நான் ஒரு கரண்டியைத் தவறவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். சமையல், துவையல், தண்ணீர் எல்லாம் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் போவது நின்றே போனது.

ஒருநாள் என் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்து, பிள்ளைக்கு ஆகும் என்று சதுரம் சதுரமாக மடித்து அம்மாவின் கால்மாட்டில் வைத்தேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

“அதக் கொண்டுபோயி அடுப்புத் தொடைக்க வையி” என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை வேண்டும் என்று ஊரெல்லாம் வேண்டுதல். பிள்ளைக்குத் துணி வைத்தால் கரித்துணி ஆக்கு என்கிறாள். பெரியவர்களோடு காலம் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

அடுத்த சண்டை மாதக் கணக்கில் வந்தது. அம்மா ஆவணியிலிருந்து எண்ணினாள். அத்தை ஆடியிலிருந்து எண்ணினாள். “ஆடிப்பெருக்குக்கு நான் வந்தப்பவே இவ மொகம் வாடிக் கெடந்துச்சு. எனக்குத் தெரியாதா?” என்பது அத்தையின் கட்சி. அம்மா ஆறு என்றால் அவள் ஏழு என்பாள். அம்மா பேச்சை அத்தோடு விட்டுவிடுவாள். அத்தை விடமாட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் காப்பித்தண்ணி கொடுப்பாள்.

மாசி மாதம் ஒரு காலையில், அத்தை வந்து செங்கல்லை உருவிக்கொண்டிருக்கும்போதே, அம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “மதினி, செத்த இருங்க” என்றாள். படுக்கை நனைந்துபோயிருந்தது. அத்தை செங்கல்லைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பேகம்பூர் பாய் ஒருவரின் குதிரை வண்டி கிடைத்தது. அம்மாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் கிடத்தியவள் அத்தைதான். வழி முழுக்கச் செங்கல்லைத் திட்டிக்கொண்டே வந்தாள். செங்கல்லை எடுத்தவளே செங்கல்லைத் திட்டினால் நான் என்ன சொல்ல?

மதியத்துக்குள் தம்பி பிறந்துவிட்டான். பஞ்சில் பொதிந்து, சுற்றிலும் வெந்நீர்ப் போத்தல்களை அணைத்து வைத்திருந்தார்கள். மூடிய விழியும் சுருங்கிய தோலுமாக, அப்பாவின் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்கூட வரமாட்டான் போல இருந்தான். அழுகைச் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் கோணியது.

ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அம்மா கணக்குப்படி ஏழு, அத்தை கணக்குப்படி எட்டு. வராந்தாவில் நின்ற அப்பா அத்தையின் முகத்தையே பார்த்தார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏழுதாண்டா தம்பி. நாந்தேன் தப்பா எண்ணிப்புட்டேன்.”

அத்தனை மாதமாக ஊரெல்லாம் சாதித்த கணக்கை ஒரே நொடியில் மாற்றிவிட்டாள். இவள் பேச்சை இனி எதிலும் நம்பக் கூடாது என்று நான் முடிவு கட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அத்தை அரிசி புடைக்கிற ஒரு சொளகு நிறையத் தவிட்டோடு வாசலில் நின்றாள். அம்மா பிள்ளையை நிலைப்படியில் துணி விரித்துக் கிடத்தினாள். அத்தை சொளகை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, “ஒந் தவிடு ஒனக்கு, எம் பிள்ள எனக்கு” என்று தம்பியை எடுத்துக்கொண்டாள். பிள்ளை தங்காத வீட்டில் இப்படி விற்றுவிடுவது வழக்கம். தூக்கிக்கொண்டு போக வருவது எதுவானாலும், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஏமாந்து திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்வது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டுத் தீவனத்துக்கு என் தம்பியை விற்றுவிட்டார்கள் என்பதுதான்.

அத்தை ஊருக்குப் போகாமல் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சப்பிக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. “ஏ தாயி, எம்பிள்ளைக்குப் பசிக்குது” என்று அம்மாவை அதட்டிப் பாலைப் பீய்ச்சி வாங்கி, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். அம்மா அவன் பக்கம் திரும்புவதே இல்லை. பார்க்க வந்தவர்கள் பிள்ளை எப்படி என்று கேட்டால், “யாரு பெத்ததோ, பாவம், கெடக்கு” என்பாள். நல்ல வேளையாக எனக்குக் கோபப்படத் தெரியும்.

ஒரு மத்தியானம் சொளகை எடுத்து வந்து அத்தையின் மடியில் தவிட்டைக் கொட்டினேன்.

“ஒங்க தவிட்ட நீங்களே வச்சுக்கங்க. எங்க பிள்ளையக் குடுங்க.”

தவிட்டுத் தூள் பறந்தது. தம்பி தும்மினான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வீடு அதிரக் கத்தி அழுதான். கட்டிலிலிருந்து அம்மா எழுந்து வந்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது. என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அதுவரைக்கும் அவள் என்னை அடித்ததில்லை. அத்தை தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அழுகிற பிள்ளையை இறுக அணைத்தபடி, மடியில் கிடந்த தவிட்டை ஒரு பொட்டு விடாமல் சொளகில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்றைக்கும் வீட்டில் அவனுக்குப் பேர் தவிட்டான்தான். பேரன் பேத்திகள் கேட்டால் அவனே இந்தக் கதையைச் சொல்கிறான், செங்கல்லை மட்டும் விட்டுவிடுகிறான்.

அன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒன்று விளங்கவில்லை. “அது எம் பிள்ள இல்ல, கேட்டுக்க” என்று அம்மா என்னிடம்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காமல், வாசல் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். தம்பி அழுதுகொண்டே இருந்தான். அவள் கத்தக் கத்த, ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்துகொண்டே வந்தது. வந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது, இதையும் நான்தானே துவைக்க வேண்டும் என்று சலித்துக்கொண்டேன்.