லிவியாதானின் வால்

அப்பாவைச் சீண்ட வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், அப்பாவுக்கு வளைகுடாவில் சோஹார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அங்கே எங்கள் சபையின் சண்டே ஸ்கூல் வெள்ளிக்கிழமைதான் நடக்கும். லீவு அன்றைக்குத்தானே.

எனக்கு எட்டு வயதில் ஆண்டு விழாவுக்கு யோபுவின் நாடகம் போட்டோம். பத்துப் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் ஒரே நாளில் இழந்து, ஏன் இப்படி என்று கடவுளைக் கேட்டவர் யோபு. கடவுள் நேரடியாகப் பதில் சொல்லமாட்டார். கடலையே கொதிக்கவைக்கும் லிவியாதான் என்ற மிருகத்தைக் காட்டி, இதை உன்னால் தூண்டில் போட்டுப் பிடிக்க முடியுமா என்று திருப்பிக் கேட்பார். ஆகவே கதாநாயகன் லிவியாதான்தான் என்று நான் முடிவு கட்டி, அந்த வேஷத்தை அழுது வாங்கினேன். தலை நான். வாலுக்கு ஆள் கிடைக்காமல், டியூட்டியை மாற்றிக்கொண்டு அப்பா வந்தார்.

பழைய பெட்ஷீட்டின் மேல் பச்சைத் துணியைச் செதில் செதிலாக வெட்டி அம்மா தைத்தாள். அப்பா மூச்சுவிட ஓர் ஓட்டையும் வைத்தாள். பச்சைத் துணி தம்பிப் பாப்பாவுக்கென்று வாங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். தம்பி வரவில்லை என்றார்கள். சரி, அடுத்த தடவை வருவான் என்று நானும் இருந்துவிட்டேன். “இது சும்மாதானம்மா கெடக்கு” என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே நான்தான். அம்மா அதை வாங்கிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

விழாவில் நான் உறுமிய உறுமலில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அலறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிக் காட்சியில் பத்துப் பிள்ளைகள் கைகோத்து ஓடிவந்து எங்களைச் சுற்றினார்கள். டீச்சர் மைக்கில் முழங்கினார்: “பாத்தீங்களா! போன பிள்ளைகளுக்குப் பதிலா ஆண்டவர் புதுசா பத்துப் பிள்ளைகளைக் குடுத்துட்டார்!”

ஒரே கைதட்டல். அம்மா எழுந்து வெளியே போவது அட்டைப் பல்லின் இடுக்கு வழியே எனக்குத் தெரிந்தது. ஓட்டை வழியே அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று என் இடுப்பு இழுபட்டது, தையல் பிரிந்தது. லிவியாதானின் வால் மேடையிலிருந்து குதித்து, சேஃப்டி ஷூ தடதடக்க வாசலைப் பார்த்து ஓடியது. சபையே விழுந்து விழுந்து சிரித்தது. செத்துச் செத்துப் பிழைத்த யோபுகூடச் சிரித்தான். பாதி மிருகமாக நின்ற எனக்கு அழுகை முட்டியது.

திரை விழுந்ததும் கார் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

“ஏம்ப்பா பாதியில விட்டுட்டு வந்தீங்க? எல்லாரும் சிரிக்காவ!”

“ஏட்டி, உங்கம்ம தனியா வெளிய வந்தாள்லா.”

“அம்மா எங்க போயிருவா? நீங்க வாலுல்லா!”

காரில் சாய்ந்து நின்ற அம்மாவின் முகத்தை அந்தப் பச்சைத் துணியின் நுனியால் அப்பா துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் எனக்கு அந்த வால் வேண்டுமே. நனைந்து கெட்டுவிடும் என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.