பிள்ளையார் சுழியால் வந்த வினை

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். யங்கூனில் குடியுரிமை அட்டைக்கு அலைந்தவர்களுக்கு எல்லா ஜன்னலும் ஒன்றுதான். என் மகள் தாதிப் படிப்பில் சேர முழு அட்டை வேண்டும். அதற்கு என் கொள்ளுத்தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்று எழுத்தில் காட்ட வேண்டும். கொடுக்கிற, பாதி உரிமை மட்டுமுள்ள அரை அட்டையை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று பபேடான் பேட்டையில் எங்கள் தெருவே புத்தி சொன்னது. புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்.

கொள்ளுத்தாத்தா பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில். அப்போது அங்கே காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தார்கள். குடிசை போட்டுக் கிடந்த தமிழ்க் கூலிகள் நடுவே பிறந்த முதல் குழந்தை அவர். வீட்டுப் பேச்சை யார் நம்புவார்கள்? நாலு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், கோயில் தகரப் பெட்டியைக் குடைந்து, கூலிகளின் மேஸ்திரி எழுதிய நோட்டைப் பிடித்தேன். கரையான் விட்டுவைத்த பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. அதன் கீழே, 'நம் ஆட்களில் ஆண் ஒன்று கூடிற்று.' அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பர்மியில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் நம்மவர்தான். தமிழ் பேசுவார், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டுவார். அந்தத் தாளைப் பார்த்த அதிகாரி கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"இவர் பெரிய மனுஷர். வெளியேயிருந்து வந்து சேர்ந்தவர். 'ஊ' போட்டிருக்கே."

பர்மியில் வயது வந்த ஆணுக்கு மரியாதையாக முன்னால் போடும் சொல் ஊ. நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் மேஸ்திரி போட்ட பிள்ளையார் சுழி! நம்மவர் அந்த 'உ'வைப் பெயரோடு ஒட்டி, பிறந்த குழந்தைக்கு மீசை முளைக்க வைத்துவிட்டார்.

"சயா, இது சாமிக்குப் போடுறது. நாங்க எதை எழுதினாலும் மேலே போடுவோம்," என்றேன் பர்மியில். சயா என்றால் ஐயா.

"நான் எப்படி நம்புறது?"

கைப்பையிலிருந்து அன்றைய மளிகைச் சீட்டை எடுத்து வைத்தேன். உச்சியில் உ, கீழே வெங்காயம்.

"வெங்காயமும் பெரிய மனுஷரா, சயா? 'ஒன்று'ன்னு எழுதியிருக்கார், பாருங்க. வளர்ந்த ஆம்பளையை நாங்க அப்படி எழுத மாட்டோம். குழந்தையைத்தான் எழுதுவோம்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஊவை அடித்து, சின்னப் பையன்களுக்குப் போடும் மவுங்கை எழுதினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் முன்பே 'இந்தியா' என்று எழுதியிருந்தார். அங்கே பேனா நின்றது.

"அது அப்படியே இருக்கட்டும், அன்டீ. நாளைக்கு மேலேயிருந்து கேள்வி வரும்."

"வரட்டும்," என்றேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல் மாறாவிட்டால் மகளுக்கு அரை அட்டைதான்.

என்னோடு வந்திருந்த மகள், அவரைவிட நல்ல பர்மியில் கேட்டாள்.

"கப்பல்ல வந்தது அவங்க அம்மா, சயா. பிள்ளை எங்கே பிறந்துச்சோ, அதைத்தானே எழுதணும்?"

அவர் இந்தியாவை அடித்துவிட்டுத் தன்லியின் என்று எழுதினார். மை காயும்வரை நான் எழுந்திருக்கவில்லை.