ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

எங்கள் பழைய டீசல் ஜீப் புத்தூரைத் தாண்டினாலே கொதித்தது. நகரித் தோப்பில் மாங்காய் ஏற்றித் திருப்பதி மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், வாட்டர் பம்பையும் மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் முன்பக்கக் கிரில்லைக் கழற்றினேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சாமந்தியும் வாழைநாரும் எலுமிச்சம்பழமும் அழுகிக் கறுத்துச் சாணிபோல அப்பிக் கிடந்தன. உள்ளே புழு நெளிந்தது. காற்று நுழையத் துளி இடமில்லை. கையால் வழித்து வழித்துப் போட்டேன்.

நைனா, என் அப்பா, வந்து பார்த்தார். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டு மாலை கட்டுவது எப்போதும் அவர்தான்.

"வாடிப்போன மாலைய நீதான் உள்ள சொருகினியா, நைனா?"

"சாமி மாலைடா. கால் படற எடத்துல போடச் சொல்றியா?"

பக்தி இப்படியா நாறும் என்று கேட்க வாய் வரை வந்தது. ரேடியேட்டரைக் கழுவி லோடு ஏற்றிப் போனேன். திருப்பதி வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

மறுநாள் நைனா ஜீப்பை எடுத்துக்கொண்டு காணிப்பாக்கம் போனார். திரும்பி வந்தபோது கிரில்லே கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பருமனான மாலை.

"வண்டி சரியாவணும்னு வேண்டிக்கினு இருந்தேன். அதான் ரெண்டா கட்டிட்டேன்" என்றார்.

பானெட் விளிம்பில் ஆவி வந்துகொண்டிருந்தது.